50 கிலோடால்டனில் தெரியும் பட்டை எதனுடையது?

கேள்வி: முயலில் உருவாக்கிய எதிர்ப்பொருளைக் கொண்டு செல்சாற்றிலிருந்து என் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதே எதிர்ப்பொருளால் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் முறை) செய்தபோது, 50, 25 கிலோடால்டன் (புரத மூலக்கூறின் நிறையைக் குறிக்கும் அலகு) அளவுகளில் தடித்த பட்டைகள் தெரிகின்றன. என் புரதமோ 52 கிலோடால்டன்; எது எதுவென்று பிரித்தறிய இயலவில்லை.

மறுமொழி 1: அவை நீங்கள் இட்ட எதிர்ப்பொருளின் கனச் சங்கிலியும் (50) இலகு சங்கிலியுமாகத்தான் (25) இருக்கும். மாதிரியில் சேர்க்கும் மெர்காப்டோஎத்தனால், சங்கிலிகளை இணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைத்துவிடுவதால், 150 கிலோடால்டன் மூலக்கூறு இப்படிப் பிரிந்து ஓடுகிறது. முயல் எதிர்ப்பொருளைப் பற்றிப் பட்டையைக் காட்டும் இரண்டாம் எதிர்ப்பொருள் அவற்றையும் பற்றிக்கொள்கிறது. பிளாட்டில் உங்கள் புரதத்தைக் கண்டறிவதற்குச் சுண்டெலியில் உருவாக்கிய எதிர்ப்பொருளையும் அதற்கேற்ற இரண்டாம் எதிர்ப்பொருளையும் பயன்படுத்துங்கள்.

மறுமொழி 2: அது கிடைக்காவிட்டால், இலகு சங்கிலியை மட்டும் அறியும் இரண்டாம் எதிர்ப்பொருளை எடுத்துக்கொள்ளலாம். செல்சாறு சேர்க்காமல், எதிர்ப்பொருளைப் பிடித்துவைக்கும் மணிகளும் எதிர்ப்பொருளும் மட்டும் உள்ள குழாய் ஒன்றையும் உடன் ஓட்டினீர்களா? அதிலும் தெரியும் பட்டைகள் உங்கள் புரதத்தினுடையவை அல்ல. பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

கேட்டவர்: இல்லை, நானும் விட்டுவிட்டேன். அடுத்த முறை முதல் தடத்திலேயே அதை ஓட்டுகிறேன்.