ஏ.எஃப்.எம். (அணுவிசை நுண்ணோக்கி): செல்லைத் தொடுமுன்பே விசைக்கோடு ஆடுகிறது, உதவி தேவை

செல்தேடி: அவசரம். உயிருள்ள செல்லின் விறைப்பை அளக்கிறேன். நுனி தொடுவதற்கு ரொம்ப முன்னாலேயே விசைக்கோடு (உயரத்துக்கு எதிரே விசையைக் காட்டும் கோடு) மேலும் கீழும் போகிறது. தொடுபுள்ளியே பிடிபடவில்லை. கான்டிலீவரை (நுனியைத் தாங்கும் மெல்லிய வளைதகடு) மாற்றியும் அதே கதை.

பைக்கோ: ஸ்ப்ரிங் மாறிலி (கான்டிலீவரின் விறைப்பு)? நெருங்கும் வேகம்? மீடியத்தில் (செல் இருக்கும் திரவம்) இறக்கி எவ்வளவு நேரம்? இவை தெரியாமல் என்ன சொல்வது?

தங்கப்பூச்சு: வெப்ப விலகல்தான், சந்தேகமே வேண்டாம். தங்கமும் சிலிக்கான் நைட்ரைடும் சூட்டுக்கு ஒரே அளவில் விரியாது, கான்டிலீவர் வளையும். மீடியத்தில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு அளங்கள்.

மூத்தவர்: கையேட்டைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. போகும் கோடும் திரும்பும் கோடும் விலகி நின்றால் அது திரவ இழுவை. வேகத்தைப் பத்தில் ஒரு பங்காக்குங்கள், இடைவெளியும் அப்படியே சுருங்கும்.

செல்தேடி: 0.01 நியூட்டன்/மீட்டர், நொடிக்கு 5 மைக்ரோமீட்டர். ஒரு மணி நேரம் விட்டாச்சு. வேகம் குறைத்தும் மாறவில்லை. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகவே ஆடுகின்றன.

பைக்கோ: இதையல்லவா முதலில் சொல்லணும்! வெப்ப விலகல் நேரத்தோடு போகும், இழுவை வேகத்தோடு போகும். உங்களுடையது உயரத்தோடு போகிறது. முகட்டுக்கு முகடு எவ்வளவு? கான்டிலீவரின் வளைவைப் படிக்கும் லேசர் 670 நானோமீட்டர் என்றால் நீரில் 670 ÷ (2 × 1.33), சுமார் 250 வரும். வந்தால் லேசர் குறுக்கீடு: கான்டிலீவர் விளிம்பில் வழிந்த ஒளி அடிக்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, டிடெக்டரில் மற்ற ஒளியோடு கலக்கிறது. லேசர்ப் புள்ளியை அகலத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். நகர்த்தியதும் உணர்திறனை, அதாவது டிடெக்டரின் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை நானோமீட்டர் வளைவு என்ற எண்ணை, சுத்தமான கண்ணாடியில், அதே மீடியத்தில் மறுபடி எடுக்கணும். பழைய எண் செல்லாது.

தங்கப்பூச்சு: ஸ்ப்ரிங் மாறிலியும் மறுபடியா? வெப்ப நடுக்க முறையே (நடுக்கத்தின் அளவிலிருந்து மாறிலி) தேவையில்லை, சாடர் முறை (நீள அகலம், அதிர்வெண், தணிப்பிலிருந்து மாறிலி) போதும்.

மூத்தவர்: சாடர் முறை செவ்வகத்துக்கு. முக்கோணக் கான்டிலீவர்மேல் அப்படியே போடாதீர்கள்.

பைக்கோ: வெப்ப நடுக்க முறையில் உணர்திறன் 10% கூடினால் மாறிலி 17% குறையும், ஏனென்றால் அது வர்க்கத்தில் வருகிறது. விசையில் பிழை 9%தான். எந்த முறை என்று அடித்துக்கொள்வதைவிட அந்த ஒரு எண்ணை ஒழுங்காக எடுப்பது மேல்.

தங்கப்பூச்சு: இந்த 0.01 கான்டிலீவரின் சொந்த வெப்ப நடுக்கமே அறை வெப்பத்தில் 0.6 நானோமீட்டர். விசையில் 6 பைக்கோநியூட்டன். 9% எங்கே தெரியப்போகிறது?

பைக்கோ: நடுக்கம் சராசரியில் கரையும். கலிப்ரேஷன் பிழை கரையாது.

செல்தேடி: 250தான். புள்ளியை நகர்த்தியதும் அலை பாதிக்குமேல் அடங்கியது. மிச்சத்தை சைன் அலை பொருத்திக் கழிக்கலாமா?

பைக்கோ: கழிக்கலாம், தொடாத பகுதியில் மட்டும் பொருத்துங்கள். தொட்ட பிறகு கான்டிலீவர் வளைவதால் அலையின் இடைவெளி மாறிவிடும்.