கேஸ் பொயிலர் விட்டுவிட்டு எரியிறதுக்கு என்ன சொல்லு?

எல்லாருக்கும் வணக்கம். குளிர் நாட்டு வீடுகள்ல தண்ணியச் சுடவச்சி அறையளுக்கு அனுப்புற கேஸ் பொயிலர், கொஞ்ச நேரம் எரிஞ்சி நூந்து (அணைஞ்சி) மறுகா பத்துறத இங்கிலிசில short cycling எண்டுவாங்க. அதுக்கு முந்தநாள் தம்பி ஒராள் இங்க 'குறுஞ்சுழற்சி' எண்டு போட்டிருந்தார், நானும் ரெண்டு நாளா அதையே யோசிச்சிக்கொண்டிரிக்கன், எனக்கு அது சரியாப் படல்ல.

எங்கட அக்கா இங்கிலாந்தில இரிக்கா. மாசி மாசம் வீடியோ கோல் எடுத்து, ஃபோனப் பொயிலருக்கு நேர பிடிச்சிக்கொண்டு நிண்டா. டிஸ்பிளேல நெருப்புப் படம் வருகுது, தண்ணிச் சூடு 40 பாகையில இருந்து 70க்கு ஒரு நிமிசத்துக்குள்ள ஓடுது, நெருப்பு நூந்து போகுது, 3, 4 நிமிசம் சும்மா கிடந்து மறுகா பத்துது, விடியவிடிய இதே வேலை. கேஸ் வரல்லயோ எண்டு அவ பயந்து போனா, ஆனா சூடு கூடினதாலதான் அது நூந்தது. காசு மிச்சம் பிடிக்கிறதுக்கு ஒரு அறையத் தவிர மத்த அறையள்ல இரிக்கிற றேடியேற்றர் (சுடுதண்ணி ஓடி அறையச் சூடாக்கிற இரும்புப் பலகை) எல்லாத்தையும் பூட்டி வச்சிருந்திருக்கா. அந்த மாதிரிப் பொயிலர் எவ்வளவு தணிஞ்சி எரிஞ்சாலும் 6, 7 கிலோவாட்டுக்குக் கீழ போக ஒண்ணா, ஒரு றேடியேற்றர் வாங்கிறதோ 1, 2 கிலோவாட், மிச்சச் சூடு போக வழியில்லாமத் தண்ணி உடன சுட்டுப்போகுது. பம்ப் மெதுவாச் சுத்தினாலும், குழாயில காத்து நிண்டாலும், ஃபில்டர்ல துருச்சேறு அடைச்சாலும் இதேதான். மத்த றேடியேற்றர்களத் திறந்து, தண்ணிச் சூட்ட 55க்குக் குறைக்கச் சொன்னன், நெருப்பு நிண்டு எரியத் தொடங்கிற்று. பொயிலர்ர மூடியக் கழட்டுற வேலைக்கெல்லாம் அங்க பதிவு செஞ்ச கேஸ் ஆள்தான் வரோணும், அதில கை வைக்கக் கூடா.

இப்ப சொல்லுக்கு வாறன். பொயிலருக்குள்ள சுழலுறது தண்ணி, அதச் சுழற்றுறது பம்ப். 'குறுஞ்சுழற்சி' எண்டா அக்கா மாதிரி ஆள் பம்பத்தான் பாப்பா. இன்னொருத்தர் போட்ட 'மீள்தொடக்கம்' அதவிடச் சிக்கல், ஏனெண்டா சுடர் பிடிக்காம ரெண்டு மூணு தரம் முயற்சி செஞ்சி, பொயிலர் தன்னத்தானே நிப்பாட்டிப் பூட்டிக்கொள்ளுற பழுதும் இரிக்கி, அதுவும் மீள்தொடக்கம்தானே, ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

நம்மட சனம் விட்டுவிட்டு மழை பெய்யுது, விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகுது எண்டு சொல்லுறதுதான. அதுல இருந்து 'விட்டெரிவு' எண்டு வைப்பமே. அந்த 3, 4 நிமிச இடைவெளி, திரும்பத் திரும்பப் பத்தாம இருக்க பொயிலரே காத்துக்கொண்டிரிக்கிற நேரம், அதுக்கு 'விட்டெரிவுத் தடைநேரம்'. தேவைக்கேற்ற மாதிரி நெருப்பக் கூட்டிக் குறைக்கிறதுக்கு, இங்கிலிசில modulation எண்டுறதுக்கு, அகராதியில 'பண்பேற்றம்' எண்டு கிடக்கு, அது றேடியோ அலைக்குச் சரி, அடுப்புக்குச் சரிவராது. சோறு கொதிச்சா எங்கட அம்மா "தணிச்சி உடு மனே" எண்டுவா, அதுதான் விசயம், அப்ப 'தணிவெரிவு'.

'கொதிகலன்' எண்டதும் எனக்கு உறுத்துது. சம்மாந்துறைப் பக்கம் றைஸ் மில்லில உமி போட்டு எரிக்கிறது நீராவி எடுக்கிற கொதிகலன், சரி. வீட்டுப் பொயிலர்ல தண்ணி கொதிக்கிறதே இல்ல. 'சூட்டுக்கலன்' எண்டு சொல்லலாமா?

காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகள் 1936ல சென்னையில கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர், அவர்ர சமாதி இரிக்கிற மட்டக்களப்புக் கல்லடியில இருந்துதான் இத எழுதுறன், அதால அவசரப்பட்டு ஒரு சொல்ல ஒட்டி விட மனம் வரல்ல.

சுடர் பிடிக்காமப் பூட்டிக்கொள்ளுறதுக்கு 'நூர்பூட்டு' எண்டு ஒண்டு மனசில கிடக்கு. நூருறது எண்டா தமிழ்நாட்டு ஆக்களுக்கு விளங்குமா, இல்லாட்டி 'அணைபூட்டு' எண்டு போடட்டா?