மறு: நக்கிள் கப்ளர் – ‘இணைப்பி’ போதுமா?

> ‘இணைப்பி’ இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

வணக்கம்.

ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டும் ‘நக்கிள் கப்ளர்’ என்ற கருவிக்குத் தமிழில் ‘இணைப்பி’ என்ற சொல் எனக்குப் போதவில்லை. குழாய்க்கும் இணைப்பி, மின்கம்பிக்கும் இணைப்பி. பழைய பொம்மை ரயில் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது பற்றி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். “இணைப்பியின் இணைப்பு தானாக இணைப்பு நீங்குகிறது” என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. அதோடு நிறுத்திவிட்டேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். எலி ஜானி 1873-இல் நிஜ ரயிலுக்குக் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இரண்டு கை விரல்களையும் மடக்கி, ஒன்றோடொன்று கோத்து இழுத்துப் பாருங்கள், அதேதான். அமெரிக்கப் பொம்மை ரயில் நிறுவனமான லயோனல் 1945-இல் தன் பொம்மை வண்டிகளுக்கு இதைக் கொண்டுவந்தது. பிறகு வந்த வகையில் பெட்டிக்கு அடியில் ஒரு சின்னத் தகடு தொங்கும். தண்டவாளத்தில் இருக்கும் மின்காந்தம் அதைக் கீழே இழுத்தால் தாழ் விலகும், வில் (ஸ்பிரிங்) கப்ளரின் மடங்கிய விரலை, அதாவது நக்கிளைத் திறந்துவிடும்.

என்னிடம் உள்ள பெட்டியில் (யார் தயாரிப்பு என்பது வேண்டாம்) தகடு தளர்ந்துபோய், தண்டவாள மூட்டில் லேசாகக் குலுங்கினாலே திறந்துகொள்கிறது. எஞ்சின் மூன்று பெட்டியோடு போய்விடும், மீதி வளைவிலேயே நிற்கும். நோஸ் பிளையரால் தகட்டின் கீலை மயிரிழை அளவு நெருக்கினேன், நின்றது. கொஞ்சம் அதிகமாக நெருக்கிவிட்டால், காந்தம் இழுத்தாலும் திறக்காது. அப்புறம், எண்ணெய் விடாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும். பென்சில் கரியைச் சுரண்டித் தூவினால் போதும்.

ஆக, பிடிப்பதும் விடுவதும் இரண்டுமே இதற்கு வேலை. ‘இணை’ பாதியைத்தான் சொல்கிறது. மாட்டு வண்டிக்காரரிடம் இரண்டு சொல்லும் தயாராக இருக்கின்றன: வண்டியைப் பூட்டு, மாட்டை அவிழ். மாட்டை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு என்ற சொல்லை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். அதனால் கப்ளருக்குப் ‘பூட்டுக்கை’, நக்கிளுக்குப் ‘பூட்டுவிரல்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். “பூட்டுக்கை ஓட்டத்தில் தானே அவிழ்கிறது.” படித்தவுடன் புரிகிறதா, இல்லையா?

> பூட்டு என்றால் சாவிதானே நினைவுக்கு வரும்?

வரட்டும். உள்ளே தாழ் விழுவதால்தானே விரல் மூடி நிற்கிறது?

> விரல் மூட்டுக்கு எங்கள் ஊரில் ‘மொளி’ என்போம். அதை எடுத்தால் என்ன?

எனக்கும் ஆசைதான். ஆனால் எழுத்தில் ‘மொழி’ என்று திருத்திவிடுவார்கள். “மொழி உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும்” என்று எழுதினால் இங்கே வேறு சண்டை ஆரம்பிக்கும்.

பிரிட்டனின் பழைய டிரை-ஆங் பொம்மை ரயில் வண்டிகளில் விரல் கிடையாது, வெறும் கொக்கி மாட்டுகிறது. அதைக் கொக்கி என்றே விட்டுவிடலாம்.

அடியில் தொங்கும் அந்தத் தகட்டுக்குத்தான் சொல் அகப்படவில்லை. இப்போதைக்கு ‘இழுதகடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் குறிப்பை முடிக்க வேண்டும்.