அவசரம்: ஸ்கேனில் ஈரலில் புள்ளிகள், டொக்டர் பூனையைப் பற்றிக் கேட்கிறார்

வாவிக்கரை (களுவாஞ்சிக்குடி): மகனுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. வயிற்று ஸ்கேனில் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு கறுப்புப் புள்ளிகள். "வீட்டில் பூனை இருக்கிறதா?" என்று டொக்டர் கேட்டார். பூனைக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்? யாராவது சொல்லுங்கள்.

கச்சான்கடை: அண்ணா, பிள்ளைக்கு என்ன வயது? எத்தனை நாள் காய்ச்சல்? கீறியதா, கடித்ததா?

நாவலடியான்: பூனைமயிர் வயிற்றுக்குள் போயிருக்கும். எங்கள் அம்மம்மா இதற்காகவே பூனையைக் குசினிக்குள் விடமாட்டார்.

பழைய ஆய்வுகூடம்: இதைப் பத்துத் தடவை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. மயிர் அல்ல, பார்ட்டோனெல்லா ஹென்செலே என்ற பக்டீரியா. தெள்ளின் எச்சம் பூனை நகத்தில் ஒட்டியிருக்கும், கீறும்போது உள்ளே போகும். வழக்கமாகக் கக்கத்தில் நெறிகட்டித் தானே வற்றும். சில பிள்ளைகளுக்கு மட்டும் ஈரலிலும் மண்ணீரலிலும் சிறு கட்டிகள் வரும். அப்போது நெறி கட்டாமலும் இருக்கலாம்; காய்ச்சலும் வயிற்றுவலியும்தான். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்தால் தெரியும்.

மண்டூர் வயல்: பூனையையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வயல் சேற்றில் விளையாடினானா? மெலியோய்டோசிஸ் கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது, அதுவும் இதே இரண்டு இடத்திலும் கட்டி வைக்கும். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாமசியில் கேட்டு நீங்களாக மருந்து கொடுக்க வேண்டாம்.

பழைய ஆய்வுகூடம்: டொக்டர் பூனையைக் கேட்டார், வயலைக் கேட்கவில்லை.

மண்டூர் வயல்: கேட்காததால்தான் சொல்கிறேன், ஐயா.

அக்கரைப்பற்று மழை: முதலில் பூனையைச் சாக்கில் கட்டிப் பாலத்துக்கு அப்பால் விடுங்கள். விசர்நோய் ஊசியும் போடுங்கள்.

கச்சான்கடை: விசர்நோய் வேறு, இது வேறு. அந்த ஊசி இதற்கு உதவாது. ஆனால் கீறினால் ஊசி வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்பதில் தவறில்லை. சாக்குக் கதையை விடுங்கள்; பூனைக்குத் தெள்ளு மருந்து போட்டால் போதும்.

அக்கரைப்பற்று மழை: பிள்ளை பெரிதா, பூனை பெரிதா?

கச்சான்கடை: பூனையை விரட்டினால் காய்ச்சல் விடுமா?

(இப்படியே பதினொரு பதிவுகள்.)

வாவிக்கரை: மன்னிக்கவும், வாட்டில் நின்றேன். நான் அண்ணா இல்லை, அம்மா. வயது 7, காய்ச்சல் 16 நாள். மழைக்கு ஒதுங்கிய குட்டி ஒன்று புறங்கையைக் கீறியது, அது ஆறிவிட்டதால் யாரிடமும் சொல்லவில்லை. தாத்தாவுடன் வயலுக்கும் போயிருக்கிறான். இரண்டையும் சொன்னேன், இரண்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள்.

மண்டூர் வயல்: நல்லது, தங்கச்சி.

வாவிக்கரை: பூனை நோய்தானாம், மற்றது இல்லையாம். ரிபாம்பிசின் தொடங்கியிருக்கிறார்கள். அது கசரோக மருந்தென்று மாமி அழுகிறார். சிறுநீரும் செம்மஞ்சளாகப் போகிறது. இரத்தமா?

பழைய ஆய்வுகூடம்: இரத்தம் இல்லை, மருந்தின் நிறம். கண்ணீர்கூட அப்படி வரலாம். கசரோகத்துக்கும் கொடுப்பார்கள், இதற்கும் கொடுப்பார்கள். மாமியிடம் சொல்லுங்கள்.

நாவலடியான்: குட்டி எங்கே?

வாவிக்கரை: கட்டிலுக்கடியில். காய்ச்சல் விட்டுவிட்டது. நன்றி.

கச்சான்கடை: மறுபடி ஸ்கேன் எப்போது, அக்கா?