பக்கவாதத்துக்குப் பின் வேலைக்குத் திரும்புவது: உடல் தேறினால் மட்டும் போதுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு வயது 44. ஏழு மாதங்களுக்கு முன்பு மூளையின் இடப்பக்க இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டுப் பக்கவாதம் வந்தது. இப்போது துணையின்றி நடக்கிறார். வலக்கை விரல்களில் சிறிது தளர்ச்சியும், பேசும்போது சில சொற்கள் உடனே வாய்க்கு வராத தடுமாற்றமும் எஞ்சியிருக்கின்றன. கணக்குப் பிரிவில் 16 ஆண்டுகள் பணியாற்றியவர். வேலைக்குச் செல்லலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் முழு நேரமும் வேலை செய்ய முடியுமானால் மட்டும் வரும்படி அலுவலகம் சொல்கிறது. அவரோ பிற்பகல் இரண்டு மணியானால் உட்காரவும் முடியாமல் களைத்துவிடுகிறார். சம்பளத்துடன் கூடிய விடுப்பு தீர்ந்துவிட்டது. அவரைக் கவனித்துக்கொள்வதற்காக நானும் வேலையை விட்டதால், வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு வருமானங்களும் ஒரே ஆண்டில் நின்றுபோயின. கை கால் சரியானால் வேலையும் தானே திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தேன். உண்மையில் இதை எவையெல்லாம் தீர்மானிக்கின்றன என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் அம்மா. நோயாளிகளை அன்றாட வேலைகளுக்கு மீண்டும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி துறையில் நான் பணிபுரிகிறேன். பக்கவாதத்தின் கடுமை, வயது, அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறன் ஆகியவை முக்கியமானவைதாம். ஆனாலும் ஒரே அளவு பாதிப்புள்ள இருவரில் ஒருவர் மூன்றே மாதங்களில் வேலையில் அமர்வதையும், மற்றவர் ஒருபோதும் திரும்பாமல் போவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளக்கூடிய மேசைப் பணியாளருக்கு இருக்கும் வாய்ப்பு, சுமை தூக்குபவருக்கோ வாகனம் ஓட்டுபவருக்கோ இருப்பதில்லை. படிப்பும் பணி அனுபவமும் உள்ளவரை அதே நிறுவனத்தில் வேறொரு பொறுப்புக்கு மாற்றலாம். உடல் உழைப்பையே முதலாகக் கொண்டவருக்கு அந்த மாற்று வழி அரிது.

உங்கள் கணவரின் பிற்பகல் களைப்பைச் சோம்பல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இத்தகைய களைப்பு வருகிறது. தூங்கி எழுந்தாலும் அது முழுவதும் நீங்குவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் ஏற்படுகிறது. கவனம், நினைவாற்றல், ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கையாளும் திறன் ஆகியவற்றில் உண்டாகும் குறைகள் மருத்துவரின் பத்து நிமிடப் பரிசோதனையில் அகப்படுவதில்லை. கணக்கு வேலைக்கு இவையே அடிப்படை என்பதால், அலுவலகத்துடன் பேசுவதற்கு முன் அறிவாற்றல் மதிப்பீடு ஒன்றைச் செய்துகொள்வது மிகவும் அவசியம். சொல் தடுமாற்றத்துக்குப் பேச்சுப் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள். முதல் சில மாதங்களில் வேகமாக இருக்கும் முன்னேற்றம் பின்னர் மெதுவாகிறதே தவிர, நின்றுவிடுவதில்லை.

மறுமொழி 2

சகோதரி, நான் இயந்திரக் கூடத்தில் வேலை செய்தவன். 39 வயதில் பக்கவாதம் வந்தது. அன்றாடக் கூலிக்கு உழைத்த எனக்கு விடுப்பும் இல்லை, காப்பீடும் இல்லை. ஆறாவது வாரத்திலேயே வேலைக்குப் போய்விட்டேன். அதை உடல் தேறியதன் அடையாளம் என்று ஊரார் பாராட்டினார்கள்; உண்மையில் அது கடன் நெருக்கடி. இடக்கையின் உணர்வு முழுவதும் திரும்பாத நிலையில் இயந்திரத்தின் முன் நின்றேன். நான்கு மாதங்களில் விரலில் காயம்பட்டு வேலையையும் இழந்தேன். எத்தனை பேர் விரைவில் திரும்பினார்கள் என்று மட்டும் கணக்கெடுப்பவர்கள் என்னைப் போன்றவர்களை வெற்றிப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. உங்களால் இன்னும் இரண்டு மாதங்கள் தாக்குப்பிடிக்க முடியுமானால், தயவுசெய்து அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

மறுமொழி 3

நான் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். முழு நேரம் வர வேண்டும், இல்லையென்றால் வரவே வேண்டாம் என்ற நிபந்தனையே பலரின் வேலையைப் பறிக்கிறது. ஒரு பணியாளர் மெதுவாக வேகம் பிடிக்கும் அந்த வாரங்களின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நிறுவனம், காப்பீடு, அரசு ஆகிய மூவரும் விடை சொல்லாதபோது, அந்தச் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. சில உதவித்தொகைத் திட்டங்களில், பகுதி நேரம் வேலை செய்யத் தொடங்கினாலே முழுத் தொகையும் நிறுத்தப்படுகிறது. ஆகவே எந்தக் கடிதத்திலும் கையெழுத்திடும் முன் அந்த விதியைக் கேட்டறியுங்கள்.

2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டவர்களையும் உள்ளடக்குகிறது. பணியிடத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்து தருவதையும் அது வலியுறுத்துகிறது. உங்கள் நாடு அதில் இணைந்திருந்தால், அதையொட்டிய உள்நாட்டுச் சட்டத்தைத் தேடிப் பாருங்கள். அலுவலகத்துக்குச் செல்லும்போது வேண்டுகோளாக மட்டும் செல்லாமல், எழுத்து வடிவிலான திட்டத்தோடு செல்லுங்கள்: முதல் மூன்று வாரங்கள் காலையில் நான்கு மணி நேரம், பின்னர் வாரந்தோறும் சிறிது கூடுதல், இடையில் ஓய்வு, தொலைபேசிக்குப் பதிலாக மின்னஞ்சல், ஆறு வாரங்களுக்குப் பின் மறுபரிசீலனை. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது தெளிவாகத் தெரியும்போது மேலாளர்களின் தயக்கம் பெருமளவு குறைவதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டாம் மறுமொழியை அவரிடம் படித்துக் காட்டினேன்; நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, களைப்பைப் பற்றி அலுவலகத்தில் சொல்லத் தனக்கு வெட்கமாக இருந்தது என்று முதன்முறையாக ஒப்புக்கொண்டார். அறிவாற்றல் மதிப்பீட்டுக்கு நாள் கேட்டிருக்கிறோம். அதன் முடிவு வந்த பின், காலை நேரப் பணித் திட்டத்தை அவரே தம் கையால் எழுதப்போவதாகச் சொல்கிறார். நானும் பகுதி நேர வேலை தேடத் தொடங்கியிருக்கிறேன்.