காரைக்குடிப் பிள்ளைகளிடம் கார்னெகியை எப்படிச் சொல்வது?

பட்டாலை வாசகி, காரைக்குடி:

எங்கள் வீட்டுப் பட்டாலையில் சனிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வருகிறேன். நவம்பர் நூலக வாரத்துக்கு, உருக்காலை முதலாளியாகி ஊர் ஊராக நூலகம் கட்டித் தந்த ஆண்ட்ரூ கார்னெகியின் கதையைச் சொல்ல ஆசை. 1835இல் ஸ்காட்லாந்தில் டன்ஃபெர்ம்லின் என்ற ஊரில் கைத்தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். விசைத்தறி வந்து தகப்பனார் பிழைப்புப் போக, 1848இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பஞ்சாலையில் நூல்கட்டை மாற்றும் பையனாக வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட் கூலி. எங்கள் ஐயா ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனதும் ஏறக்குறைய அந்த வயசில்தான். வட்டிக்கடை வாசலைக் கூட்டி, கணக்குப் பெட்டியைத் துடைத்து, ராத்திரி அதன் பக்கத்திலேயே படுத்தவர். அதனால் இதுவரை சொல்வதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை.

தடுமாற்றம் 1892இல். அமெரிக்காவில் அவருடைய ஹோம்ஸ்டெட் உருக்காலையில் கூலித் தகராறு. ஆலையைப் பூட்டி, தனியார் காவலாட்களைப் படகில் கொண்டுவந்து, துப்பாக்கிச் சூட்டில் இரு பக்கமும் உயிர் போனது. கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில். ஆனால் நிர்வாகம் பார்த்த ஃப்ரிக்குக்குப் பலமாக இருந்தவர் அவர்தான். பத்து வயசுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

உருக்காலை ஓய்வு, தேவகோட்டை:

விட்டுடாதீங்க ஆச்சி. வடக்கே ஒரு உருக்காலையில 31 வருஷம் இருந்தவன் நான். எனக்கு எட்டு மணி நேர ஷிப்ட்தான். வீடு வந்தா சட்டையில வேர்வை உப்பு வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்கும். பேப்பரை விரிச்சா ரெண்டாவது வரியிலேயே கண்ணு சொக்கிடும். கார்னெகி ஆலைகள்ல பன்னிரண்டு மணி நேரம். 1889ல அவர் ஆலை இருந்த பிராடக்ங்கிற ஊர்ல நூலகம் கட்டினப்ப, கரியும் வேர்வையுமா வர்றவன் குளிச்சிட்டுப் போகட்டும்னு அடித்தளத்துல குளியலறையும் வச்சார். நல்ல மனசுதான், மறுக்கல. ஆனா அதுக்கு மேல மாடியேறிப் போய்ப் படிக்க அந்த ஆளுக்குத் தெம்பு எங்கேருந்து வரும்?

கோட்டையூர்க்காரன்:

அண்ணன் சொல்றது நியாயம். அதுக்காகக் கொடுத்ததைச் சுருக்கிடவும் கூடாது. 1901இல் ஆலைகளை 48 கோடி டாலருக்கு விற்றார். 1919இல் இறப்பதற்குள் சுமார் 35 கோடி கொடுத்துட்டார். 2,509 நூலகங்கள். காரைக்குடியில் சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பர் ஊர்க்காரங்களுக்கு இதோட அருமை தெரியும்.

நான் பெரிசா நினைக்கிறது அவர் போட்ட நிபந்தனையை. கட்டடத்துக்குப் பணம் அவருது. இடம் ஊர் தரணும். கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை வருஷா வருஷம் ஊரே ஒதுக்கி நடத்தணும். எங்க பக்கத்துல ஒரு நூலகம். கட்டித் தந்தவர் பெயர் சலவைக்கல்லில் இன்னும் பளிச்சுனு இருக்கு. உள்ளே மழை ஒழுகி, பெரிய அகராதி ஒன்று பக்கமெல்லாம் ஒட்டிச் செங்கல்லாட்டம் இறுகிப்போச்சு. பார்த்துட்டு வந்த அன்னைக்குச் சாப்பாடு இறங்கல. நாம கட்டுற வீட்டு வரியோட ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் போகுது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க.

பட்டாலை வாசகி:

முடிவு பண்ணிவிட்டேன். ஆண்டர்சனில் தொடங்கப்போகிறேன். கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தம் வீட்டிலிருந்த சுமார் 400 புத்தகங்களைச் சனிக்கிழமைதோறும் வேலைக்குப் போகும் பையன்களுக்குத் திறந்துவிட்டவர். தந்தி கொண்டுபோகும் பையனாக இருந்த கார்னெகி அங்கேதான் படித்தார். பிற்காலத்தில் ஆண்டர்சனுக்கு நினைவுச் சின்னமும் எழுப்பினார். என் அலமாரியில் 370 இருக்கிறது.

ஹோம்ஸ்டெட்டையும் சொல்கிறோம். தேவகோட்டை அண்ணே, அந்தப் பகுதியை நீங்களே வந்து சொல்லணும். அந்த வேலைச் சட்டை இன்னும் இருந்தால் கையோடு எடுத்து வாங்க. சனிக்கிழமை நாலு மணி. கும்மாயம் கிண்டி வைக்கிறேன்.