90 பக்கம் வரலாறு எழுதி, கேள்வியைத் தொலைத்த கதை

எல்லாரும் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், அதாவது வைவாவில், பட்ட பாட்டை எழுதுகிறீர்கள், நான் அதற்கு ரொம்ப முன்னாலேயே பட்டவள். ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் சந்தையிலும் தமிழ். ஆழியாற்றுத் தண்ணீரும் சித்தூர் தாலுகாவில் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை விவசாயிகளும், இதுதான் ஆய்வு.

முதல் வரைவைப் படித்த வரிசையிலேயே எழுதிவிட்டேன். 1956 மாநிலப் பிரிப்பு, தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட 1970-ல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம், மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி.) கேரளத்துக்கு என்ற கணக்கு, அணைகளின் பட்டியல் என்று அதிலேயே 90 பக்கம் ஓடிவிட்டது. ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு கோயம்புத்தூர்க்காரர், அதட்டவே மாட்டார். "நீ என்ன கேட்கப் போறேன்னு எந்தப் பக்கத்துல இருக்கும்மா?" என்றார். புரட்டிப் புரட்டிப் பார்த்தால் 83-ம் பக்கத்தில் அடிக்குறிப்பாகக் கிடக்கிறது.

சரி என்று கேள்வியை ஒரே வரியில் எழுதினேன்: முறை வைத்து விடும் தண்ணீர் வராத வாரங்களில் கடைமடை விவசாயி எப்படிச் சமாளிக்கிறார்? அதற்கு உதவாததெல்லாம் வெளியே. அணைப் பட்டியல் பின்னிணைப்புக்குப் போனது, வரலாறு 14 பக்கமாகச் சுருங்கியது. முன்னாய்வுகளில் புத்தகத்துக்கு ஒரு பத்தி என்று எழுதியிருந்ததைக் கலைத்து, யார் யாரோடு முரண்படுகிறார்கள், கடைமடையை யார் கண்டுகொள்ளவே இல்லை என்று கருத்துவாரியாக அடுக்கினேன். முன்னுரையைக் கடைசியில்தான் எழுதினேன்.

ஆனால் உண்மையில் என்னைத் திணறடித்தது ஆய்வு முறை இயல்தான். ஏன் அந்த மூன்று ஊர், யார் யாரைப் பார்த்தேன் என்பதோடு முடித்திருந்தேன். பேட்டி ஒன்றில் ஒரு பெரியவர், "வெள்ளம் வந்தா பொழச்சோமுங்க" என்று சொன்னதை அப்படியே போட்டிருந்தேன். கைடு பென்சிலால் வட்டம் போட்டு, "வெள்ளம் வந்தா எப்படிம்மா பொழைப்பாங்க?" என்றார். எங்களுக்கு மலையாளமும் கலந்த பேச்சு, அங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்! எனக்கு அது உறைக்கவே இல்லை. அப்புறம் பேட்டிகளை எந்த மொழியில் எடுத்தேன், கலப்புச் சொற்களை எப்படிப் பொருள் கொண்டேன் என்று நாலு பக்கம் சேர்த்தேன், பேட்டியில் சொன்னது முடிவுகள் இயலில், அதற்கு நான் கொள்ளும் பொருள் விவாத இயலில் என்று பிரித்தும் வைத்தேன்.

வைவாவில் வெளித்தேர்வாளர் நேரே அந்த நாலு பக்கத்தைத்தான் திறந்தார். அரை மணி நேரம் வெள்ளத்திலேயே போனது, 7.25 டி.எம்.சி.யைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.